ஆந்தை வீட்டுப் பந்தி

ஆந்தையைப் பற்றி யார் எழுதினாலும் வேட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். சத்தமே வராத சிறகு, கும்மிருட்டிலும் எலி நகர்வதைக் கேட்டுவிடும் காது, முக்கால் வட்டம் திரும்பும் கழுத்து, அப்புறம் ஒரே பாய்ச்சல், அவ்வளவுதான், படம் முடிந்தது. எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் பிடிக்கும். பிடித்த எலி யார் வாய்க்குப் போகிறது, முழுசாகப் போகிறதா பிய்த்துப் போகிறதா, ஐந்து குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு ஒரே ஒரு எலி வந்து சேர்ந்தால் யார் பங்கு போடுவது, கடைசிக் குஞ்சுக்கு என்ன மிஞ்சும்? ஒரு வீட்டில் பந்தி நடக்கும் விதத்தைப் பார்த்தாலே அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்று நினைக்கிறவன் நான். ஆந்தை வீட்டுக்கும் அது பொருந்துகிறது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், வெருலத்தில். டர்பனுக்கு வடக்கே, ஊர் எங்கே முடிகிறது கரும்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத இடம். 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் ஐம்பது வருஷம் வந்துகொண்டே இருந்தவர்களும் வெட்டிச் சுமந்த கரும்பு. அவர்கள் கட்டிய கோயில்கள் பல இன்னும் கரும்பை ஒட்டியே நிற்கின்றன. நான் அந்த வழி வந்தவன் இல்லை, திருவாரூர்ப் பக்கத்து ஆள், வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். எங்கள் தெருக்கோடியில் ஒரு மாரியம்மன் கோயில், அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சாமான் அறை. அண்டா, குண்டான், காவடிக் கட்டைகள், உடைந்த தேர்ச் சக்கரம் எல்லாம் அங்கேதான். இந்த ஊரில் செம்புக் கம்பியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை எது வேண்டுமானாலும் திருட்டுப் போகும் என்பதால் கமிட்டி அங்கே ஒரு சிசிடிவி கேமரா மாட்டியது. இரவில் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் சாதாரணக் கேமராதான், மைக்கும் உண்டு. திருடன் வரவில்லை. உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த பலகையில் ஒரு ஜோடி கூகை வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் என்றால் ஊரில் உள்ள எல்லா ஒயரும் நம் தலையில்தானே விழும், ஆகவே அந்தக் கேமராவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்படித்தான் ஒரு முழுக் குடும்பம் சாப்பிட்டு வளர்ந்ததைப் போனில் பார்த்தேன்.

கூகை என்றால் கொம்பில்லாத, இதய வடிவ வெள்ளை முகம் உள்ளது. திருவாரூரில் ரைஸ்மில் கூரையில் இருந்ததும் இதன் பங்காளிதான். கோயில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா (எனக்கு உறவில்லை, இங்கே அந்த வயதில் இருக்கும் எல்லோருமே பெரியம்மாதான்) விஷயம் தெரிந்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, அத வெரட்டிப்புடு. கூகை அலறுன எடத்துல வெளக்கு நிக்காது." இரவுக் காவலுக்கு வரும் ஜூலுக்காரர் அறைப் பக்கமே போக மாட்டேன் என்றார்; இசிகோவா (ஜூலுவில் ஆந்தைக்கு அதுதான் பெயர்) வந்து உட்கார்ந்தால் அதை யாரோ சூனியக்காரன் அனுப்பியிருக்கிறான் என்று அவர் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மற்ற எதில் ஒத்துப்போகிறோமோ இல்லையோ, ஆந்தை விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. கமிட்டியில் இருக்கும் இந்திக்காரர் ஒருவர்தான், அது லட்சுமியின் வாகனம், கை வைக்கக்கூடாது என்று அடித்துச் சொன்னார். கூடு தப்பியது அவரால்தான்.

பலன் பார்ப்பதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஆந்தை எத்தனை தரம் கத்துகிறது என்று எண்ணிப் பலன் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒன்று என்றால் சாவு, இரண்டு என்றால் நினைத்த காரியம் கைகூடும், மூன்று என்றால் பெண் வந்து சேர்வாள் என்று போகும். இங்கே தோட்டங்களிலும் பள்ளிக்கூட மரங்களிலும் இருக்கும் புள்ளிக் கொம்பன் ஆந்தையில் ஆணின் கூவல் பெரும்பாலும் இரண்டு அசை, பெண்ணுடையது மூன்று. ஆக மூன்று கேட்டால் உண்மையிலேயே ஒரு பெண் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம், ஆண் ஆந்தைக்கு. கூகை இந்தக் கணக்கில் வராது. அது கூவுவதே இல்லை, அடித்தொண்டையில் நீளமாகக் கிறீச்சிடும். பெரியம்மாவின் பயத்துக்கு அந்தச் சத்தமே போதும்.

சரி, பந்திக்கு வருவோம். முட்டையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பங்குத் தகராறுக்கு அங்கேயே வித்து விழுந்துவிடுகிறது. கோழி எல்லா முட்டையும் இட்டு முடித்துவிட்டுத்தான் அடைக்கு உட்காரும், அதனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வரும். கூகை முதல் முட்டை இட்டதுமே உட்கார்ந்துவிடும். அடுத்த முட்டை இரண்டு மூன்று நாள் கழித்து, அதற்கடுத்தது இன்னும் இரண்டு மூன்று நாள் கழித்து. 4 முதல் 7 வரை சாதாரணம், எலி பெருத்த காலத்தில் அதற்கு மேலும் போகும். ஒவ்வொரு முட்டையும் பொரிக்க ஒரு மாதம். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரம் இடைவெளி வந்துவிடும். எங்கள் கேமராவில் மூத்தது கண் திறந்து அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசி முட்டையில் அப்போதுதான் கீறல் விழுந்தது.

ஏன் இப்படி? இங்கிலாந்துப் பறவையியலாளர் டேவிட் லாக் 1940-களிலேயே ஒரு விளக்கம் சொன்னார். முட்டை இடும்போது தாய்க்கு, இன்னும் ஆறு வாரம் கழித்து எத்தனை எலி கிடைக்கும் என்று தெரியாது. தாராளமாகக் கிடைத்தால் எல்லாக் குஞ்சும் பிழைக்கும். கிடைக்காவிட்டால், எல்லாம் ஒரே அளவில் இருக்கும் வீட்டில் எல்லாமே அரைவயிறாகக் கிடந்து ஒன்றாகச் சாகும். அளவில் ஏற்ற இறக்கம் இருந்தால் கடைக்குட்டி முதலில் போகும், மூத்த குஞ்சு இரண்டாவது பிழைத்துத் தேறும். இதற்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு லாக் சொன்னது சரியாகவே படுகிறது, ஆனால் கடைக்குட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

அடைகாக்கும் ஒரு மாதமும், அதற்கப்புறம் குஞ்சு வளரும் முதல் இரண்டு மூன்று வாரமும் தாய் கூட்டைவிட்டு வெளியே போவதே அரிது. அத்தனை பேருக்கும் வேண்டியதை ஆண் ஒண்டியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு வளர்ந்த கூகைக்கே இரவுக்கு மூன்று நான்கு சின்ன எலி வேண்டும், ஆக அதன் ஓட்டம் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில நாள் தலையில்லாத எலி வரும். தலையை வழியிலேயே தின்றிருக்கும், பாடுபடுகிறவனுக்கு அதுகூட இல்லையா என்று நான் விட்டுவிட்டேன். எலி தாராளமாகக் கிடைக்கும் நாளில் பலகை ஓரத்தில் நாலைந்து எலி அப்படியே கிடக்கும், மறுநாள் பகலில் பசித்தால் தாய் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆணுக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டு. சின்னக் குஞ்சுக்குப் பிய்த்து ஊட்டுவது. குஞ்சு சின்னதாக இருக்கும்போது தாய் செத்துவிட்டால், ஆண் கொண்டுவந்து போட்ட எலிகளுக்கு நடுவிலேயே குஞ்சுகள் பெரும்பாலும் பட்டினி கிடந்து சாகும்.

அந்த ஊட்டல்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. ஆண் வாசல் ஓட்டையில் தலை நீட்டும், அலகில் எலி தொங்கும். தாய் கிச்சுகிச்சென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அதை அலகாலேயே வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் ஒரு காலால் எலியை மிதித்துக்கொண்டு, கழுத்துப் பக்கத்திலிருந்து நூல் நூலாகக் கறியை உரிக்கும். தோலும் குடலும் வாலும் தனக்கு, மெல்லிய சதை மட்டும் குஞ்சுக்கு. குஞ்சு என்றால் இளஞ்சிவப்புத் தோல், அங்கங்கே வெள்ளைப் பூமயிர், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, அந்தத் தலையைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்தில் தெம்பு கிடையாது. தாய் குனிந்து, தொண்டைக்குள் மெல்லிய கிலுகிலுப்போடு, கறித் துண்டைக் குஞ்சின் அலகு ஓரத்தில் தொடும். தொட்டதும் அந்தத் தலை ஆடிக்கொண்டே எழும், கவ்வும், விழும். இவ்வளவும் நடக்கும்போது தாயின் கண் மூடியிருக்கிறது!

அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆந்தையின் கண் நம்முடையதைப் போல உருண்டை இல்லை, நீண்ட குழாய் வடிவம், குழியில் அசையவே அசையாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அது சரி. அலகு நுனியில் இருக்கும் பொருள் அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பதை அறிய அலகைச் சுற்றி விறைப்பான மயிர் போன்ற இறகுகள் இருக்கின்றன. அவற்றால் தடவிப் பார்த்துத்தான் எலியின் தலை எந்தப் பக்கம், குஞ்சின் வாய் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும். கண்ணால் பயனில்லாத தூரம் என்பதால், எலியின் நகமோ குஞ்சின் அலகோ கீறிவிடாமல் இருக்க அதை மூடிக்கொள்கிறது. வேட்டையில் மட்டும் என்ன, அதிலும் கூகை கண்ணையே நம்பி இருப்பதில்லை. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், துளி வெளிச்சம் இல்லாத அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டார், கூகை பிடித்தது. எலிக்குப் பதில் கசக்கிய காகிதத்தைச் சருகுக்குள் இழுத்துப் பார்த்தார், அந்தக் காகிதத்தையும் பாய்ந்து பிடித்தது. திமிங்கிலத்தின் பாட்டைப் பதிவுசெய்து பிற்பாடு புகழ்பெற்ற அதே பெய்ன்தான்.

இரண்டு வாரம் போல ஆனதும் குஞ்சு முழு எலியை விழுங்கப் பழகும். தலை முதலில் போக வேண்டும், அப்போதுதான் மயிரும் காலும் படிந்தபடி இறங்கும். மூத்தது முதல் தடவை விழுங்கியதைப் பார்க்க எனக்கே மூச்சு முட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை எக்கி எக்கி உள்ளே தள்ளுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது, வால் வாய்க்கு வெளியே தொங்க அப்படியே தூங்குகிற மாதிரி உட்கார்ந்துவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி எக்குகிறது. பெரியம்மாவிடம் போனைக் காட்டினேன். "பாவம், தண்ணி குடுக்க ஆளில்ல" என்றார். அதுதான் அவர் கூகைக்காகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

விழுங்கியது எங்கே போகிறது என்பதிலும் ஆந்தைக்குத் தனி வழி. பருந்துக்கும் கழுகுக்கும் கழுத்தடியில் தீனிப்பை உண்டு, தின்றதைக் கொஞ்ச நேரம் அங்கே வைத்துக்கொள்ளும். ஆந்தைக்கு அது கிடையாது, நேராக இரைப்பை. முதல் அறையில் அமிலம், அடுத்த அறையில் தசையின் பிசைவு. சதை கரைந்து கீழே போகும். எலும்பு, பல், மயிர் எல்லாம் அங்கேயே நின்று உருண்டையாகக் கெட்டிப்படும். சில மணி நேரம் கழித்து அந்த உருண்டை மேலே ஏறி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கக்கினால்தான் அடுத்த எலிக்கு இடம். பருந்தின் வயிற்று அமிலம் எலும்பையே பெரும்பாலும் கரைத்துவிடும், ஆந்தையுடையது அவ்வளவு கடுமை இல்லை. அதனால் ஒரு உருண்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தால் மண்டையோடு உடையாமல் கிடைக்கும், ஒன்றில் மூன்று நான்கு மண்டைகூட. கூகைக்குக் கூடு கட்டும் பழக்கம் இல்லை. தன் உருண்டைகளையே காலால் உதிர்த்து அந்த மயிர் மெத்தையில்தான் முட்டை இடும். குஞ்சுகள் பிறப்பதே பழைய சாப்பாட்டின் மேல்தான்.

பலகைக்கு அடியில் விழுந்திருந்த உருண்டைகளை நான் பொறுக்கிப் பிரித்துப் பார்ப்பதுண்டு. அதிகம் இருப்பது கரும்புக் காட்டில் பெருகும் பன்முலை எலி. 1834-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே நேட்டால் (இந்த மாகாணத்தின் பழைய பெயர்) இருக்கிறது, அவ்வளவு இந்த மண்ணுக்கு உரியது. பெண்ணுக்கு இருபதுக்கும் மேற்பட்ட காம்பு இருக்கும், ஒரே ஈற்றில் பத்து என்பது அதற்குச் சாதாரணம். அப்புறம் மூஞ்சூறு. கமிட்டியில் இது தெரிந்ததும் ஒருவர், பிள்ளையார் வாகனத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்துத் தின்பதா என்றார். லட்சுமி கட்சிக்காரர், வாகனத்துக்கும் வாகனத்துக்கும் உள்ள விவகாரத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்றார். விவாதம் அதோடு முடிந்தது. இந்த எலும்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆதிமனிதப் புதைபடிவங்கள் கிடைத்த குகைகளில் ஆந்தைகள் பல லட்சம் வருஷமாகக் கக்கிக் குவித்த சின்ன எலும்புகளை ஆராய்ச்சியாளர்கள் தனியாக எடுத்துப் படிக்கிறார்கள். எந்த வகை எலி அதிகம் என்று பார்த்தால் அந்தக் காலத்தில் அங்கே புல்வெளியா புதர்க்காடா என்று சொல்லிவிடலாம்.

இனி பங்கு. எலி கொண்டுவரும் பெற்றோர் இங்கே பங்கு போடுவதில்லை. குஞ்சுகள் பெரிதானதும் தாயும் வேட்டைக்குக் கிளம்பிவிடும். அதற்கப்புறம் வாசலில் எலியோடு ஒரு தலை தெரியும், யார் முதலில் பறிக்கிறார்களோ அவர்களுக்குப் போய்விடும், இரண்டு நொடியில் வாசல் காலி. இதைப் பார்த்தால் வலியவன் வைத்தது சட்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சுவிட்சர்லாந்தில் அலெக்ஸாண்டர் ரூலின் என்ற உயிரியலாளர் பல வருஷம் கூகைக் குஞ்சுகளைப் பார்த்து வேறொன்றைக் கண்டுபிடித்தார். பெற்றோர் இல்லாத நேரத்திலும், யாருமே எலி கொண்டுவராத நேரத்திலும், குஞ்சுகள் ராத்திரி முழுக்கக் கத்துகின்றன. யாரிடம்? தங்களுக்குள்ளேயே. அதிகம் பசித்தது நீளமாகவும் அடிக்கடியும் கத்தும். அதைக் கேட்டு, வயிறு கொஞ்சம் நிறைந்தது தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், எலி வரும்போது முட்டி மோதாமல் விட்டுக்கொடுக்கும். எலி வந்த பிறகு அடித்துக்கொண்டால் எல்லோருக்கும் காயம், சக்தி வீண். வருவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒன்று கத்தும்போது மற்றது குறுக்கே கத்தாமல் முடியும் வரை காத்திருப்பதும் உண்டாம். எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று, இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். வயிறு நிறைந்த மூத்த குஞ்சு தன் பங்கு எலியைத் தூக்கிப் போய்த் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கும். ரூலின் குழுவினர் இதையும் பதிவுசெய்திருக்கிறார்கள். எங்கள் கேமராவிலும் தெரிந்தது. மூத்தது ஒரு எலியை அலகில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றது, தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. கடைக்குட்டி ஷ்ஷ் என்று இழுத்துக்கொண்டே நகர்ந்து வந்து அதன் கழுத்து இறகைக் கோதிவிட்டது. அப்புறம் எலி கை மாறியது.

இதைப் படித்துவிட்டு ஆந்தை வீட்டில் எல்லாம் பாசமயம் என்று நினைத்துவிட வேண்டாம். எலி வரத்து நின்றால் கடைக்குட்டி வாடும், வாடினால் கத்தத் தெம்பு இருக்காது, கத்தாவிட்டால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். செத்தால் அதையும் மற்றவை தின்றுவிடும். அதே அலகு, அதே கூடு. இந்த ஈற்றில் எங்கள் பலகையில் ஐந்தும் பிழைத்தன. கரும்பு வெட்டு தொடங்கியிருந்த காலம் அது. வெட்டுவதற்கு முன்னால் கரும்பின் காய்ந்த சோகையைக் கொளுத்துவார்கள், எலியெல்லாம் வெளியே ஓடிவரும். ஆண் கூகை அந்த வாரங்களில் கொழுத்த வேட்டை நடத்தியது. குஞ்சுகள் ஒரு கட்டத்தில் பெற்றோரைவிடக் கனமாகிவிடும், பறக்கும் முன்னால் அந்தச் சதை குறைந்து உடம்பு சரியாகும்.

எல்லா ஆந்தையும் இப்படி இல்லை. இதே மாகாணத்தின் வடக்கே, நுடுமோ பக்கத்து ஆறுகளில் மீன் பிடித்துத் தின்னும் பெல் ஆந்தை இருக்கிறது. காலில் இறகு இல்லாமல், விரலடியில் சொரசொரப்பான முள்ளோடு, மீன் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே அமைந்த கால். அது இரண்டு முட்டை இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். இளஞ்சிவப்பு இமையுள்ள ராட்சச ஆந்தையும் அப்படித்தான், முள்ளெலியைப் பிடித்துத் தோலை உரித்துத் தின்கிற ஆள், தேறிய அந்த ஒரு குஞ்சுக்குப் பறக்க வந்த பிறகும் மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டிருக்கும். பெரிய குடும்பம், சீக்கிரம் வெளியேற்று என்பது கூகையின் வழி. ஒற்றைப் பிள்ளை, செல்லம் என்பது இவற்றின் வழி. டெக்சாஸில் ஒரு சின்ன ஆந்தை செய்வது இன்னும் வேடிக்கை. குருட்டுப் பாம்பு என்ற மண்புழு அளவுப் பாம்பை உயிரோடு கொண்டுவந்து கூட்டில் விடும். அதில் தப்பிப் பிழைக்கும் பாம்புகள் கூட்டுக் குப்பையில் புகுந்து, மிச்சம் மீதி அழுகலில் வரும் புழுக்களைத் தின்னும். 1987-இல் வெளிவந்த ஆராய்ச்சிப்படி, பாம்பு குடியிருக்கும் கூட்டில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன, சாவும் குறைவு. பந்தி முடிந்ததும் இலை எடுக்க ஆள் வைத்த மாதிரி.

எங்கள் கோயிலில் பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்காக மூட்டை மூட்டையாக மீலி மீல் (இங்கே மக்காச்சோள மாவுக்கு அதுதான் பெயர்) வந்து இறங்கும், அதை மோப்பம் பிடித்து எலி வரும். கமிட்டி எலி ஒழிக்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டது, அவர்கள் சுவரோரம் நீலக் கட்டிகளை வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டியில் படித்துப் பார்த்தேன், புரோடிஃபாகூம். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது, பல நாள் நடமாடும், அந்த நாளெல்லாம் இன்னும் தின்றுகொண்டே இருக்கும், அப்புறம் தள்ளாடிக்கொண்டு திறந்த இடத்துக்கு வரும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான வேட்டை எது? தின்ற ஆந்தையின் ஈரலில் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கும், எலி எலியாகச் சேரும். சந்துக் கடைகளில் விற்கும் 'டூ ஸ்டெப்' பொட்டலம் இன்னொரு ரகம், இரண்டு அடி வைப்பதற்குள் எலி விழுந்துவிடும் என்று பெயர். வயலுக்கான பூச்சிமருந்தைத் திருட்டுத்தனமாகப் பிரித்துக் கட்டி விற்பது. 2024-இல் ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோவில், நலேடி என்ற பகுதியில் ஆறு குழந்தைகள் செத்ததற்குக் காரணமாகக் கண்டறியப்பட்ட டெர்புஃபோஸ், இப்படித் தெருவில் எலி மருந்தாக விற்கப்படும் பூச்சிமருந்துதான். ஆந்தைக்காக இல்லாவிட்டாலும் அதை வீட்டுக்குள் விடக்கூடாது.

கூட்டத்தில் நான் இதையெல்லாம் விளக்கினேன், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு சொன்னது பெரியம்மாதான். போன வருஷம் புரட்டாசியில், ஊரே கறி மீன் தொடாத மாதத்தில், மருந்து தின்ற எலி ஒன்று மண்டபத்துச் சுவருக்குள் போய்ச் செத்துப் பத்து நாள் நாறியிருக்கிறது. "மருந்தும் வேணா மாயமும் வேணா, மூடி போட்ட டிரம் வாங்கிக் குடுங்க, நா பாத்துக்கறேன்" என்றார். கட்டிகள் எடுக்கப்பட்டன. டிரம் வந்தது, கதவடியில் தகரம் அடித்தோம், உள்ளே அடிபொறி வைத்தோம். நான் என் பங்குக்கு மூங்கில் வெட்டித் தஞ்சாவூர்க் கிட்டி இரண்டு கட்டிக் கொடுத்தேன், வில்லை வளைத்து நூல் மாட்டி அரிசி வைக்கும் அந்தக் கிட்டியை இங்கே யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அதில் குச்சியை விட்டு விட்டு விளையாடி ஒன்றை உடைத்துவிட்டார்கள்.

ஆந்தைப் பெட்டி வைத்தால் எலியே இருக்காது என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எலி இருக்கும் அளவுக்குத்தான் ஆந்தை இருக்கும், எலி குறைந்தால் முட்டையும் குறையும். ஆனால் எங்கள் டெல்டாவில் வயலில் டி வடிவக் கம்பு நட்டு ஆந்தைக்கு உட்கார இடம் கொடுக்கிறார்களே, அதற்கு அர்த்தம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் பள்ளிப் பிள்ளைகளே கூகைக்குப் பெட்டி வைத்து, உருண்டையைப் பிரித்து எலும்பை அட்டையில் ஒட்டிப் பாடம் படித்திருக்கிறார்கள். சூனியம் என்று பயந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பழைய சங்கப் பாட்டு ஒன்றில் ஒரு தோழி, காதலன் வரும் ராத்திரியில் மட்டும் கத்தாமல் இரு, உனக்கு நெய்யும் கறியும் போட்ட சோறு தருகிறேன், சுட்ட வெள்ளெலியும் தருகிறேன் என்று கூகையிடம் பேரம் பேசுவாள். கூகை எலியை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை அவளுக்கே விட்டிருக்கும்.

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம், ஏனென்றால் வருஷா வருஷம் யாராவது ஒரு ஆந்தைக் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு எனக்குப் போட்டோ அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது கூகை இல்லை, கொம்பன் ஆந்தையின் குஞ்சு. அது பறக்க வருவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கி நடக்கும், தரையில் உட்கார்ந்திருந்தால் தாய் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இருட்டியதும் பெற்றோர் அங்கேயே வந்து பல்லி, வண்டு, தவளை என்று ஊட்டும். நாய் பூனை வரும் இடம் என்றால் பக்கத்து மரக்கிளையில் உயரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். அடிபட்டிருந்தால் டர்பனில் யெல்லோவுட் பார்க்கில் குரோ என்ற வன உயிர் மீட்பு மையம் இருக்கிறது, அங்கே கொண்டு போங்கள். அதுவரைக்கும் பாலும் ரொட்டியும் கொடுக்காதீர்கள், எல்லோரும் ஆசையாகக் கொடுக்கும் மின்ஸ் கறியும் (கொத்துக்கறி) வேண்டாம். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, அதையே தின்று வளரும் குஞ்சின் கால் எலும்பு சில வாரங்களிலேயே வளைந்துவிடும். மயிரும் எலும்பும் இல்லாவிட்டால் கக்குவதற்கு உருண்டையும் சேராது. மீட்பு மையங்களில் கொடுப்பது முழு எலியும் முழுக் கோழிக்குஞ்சும்தான். அது உங்களிடம் இல்லையென்றால் எதுவும் ஊட்டாமல், பெட்டியை மூடி இருட்டாக, கதகதப்பாக வைத்துப் போனை எடுங்கள்.